இஞ்சி மணத்த தக்கை

பழைய பிளாஸ்க்கின் தக்கையை மூக்கருகே கொண்டுபோனவர்களுக்கு நான் சொல்வது புரியும். இப்போது வரும் திருகுமூடி இல்லை. பொருபொருவென்று நெட்டி மாதிரி இருக்குமே, அந்தத் தக்கை. எதை ஊற்றினாலும் ஒரு வாய் தனக்கென்று உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புளித்த பால், ஈரத்துணி, துரு. அடியில் எங்கோ இஞ்சி.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் யாரோ அப்படி ஒன்றைத் திறந்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தேன். பின்பக்கம் போய் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன அக்கா, மசக்கையா?" என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தாள். இந்த வயசில் மசக்கையாம். சீ.

அந்த மணத்துக்குள் ஒரு லோரி போகிறது. லோரிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் என் அப்பாவின் ரத்தம், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று சூட்டில் செத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த லோரி போய்ச் சேரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா மலாக்கா டவுன் போர்டில் மண்டோர். விடிவதற்கு முன் கக்கூஸ் வாளிகளை எடுத்துப் போகிறவர்கள், சாக்கடை வாருகிறவர்கள், செத்த நாயை இழுத்துப் போகிறவர்கள், இவர்களையெல்லாம் வேலை வாங்குகிறவர். காஜா பேராங்கில் எங்கள் வீடு. சுவர் ஒட்டி அத்தை வீடு. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவின் தங்கையான அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிட்டு ஆளாக்கியவள். அத்தையின் புருஷன், என் மாமா, ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், கித்தா என்கிற ரப்பர் ஷீட் ஏற்றும் லோரி ஓட்டினார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஊராரின் குரல்களை ஒன்றோடொன்று செருகிக்கொண்டிருந்தேன்.

வேலை விட்டு வந்ததும் அப்பா கிணற்றடியில் சிவப்புக் கார்பாலிக் சவர்க்காரத்தைப் போட்டு உடம்பைத் தேய்ப்பார், சட்டியைத் தேய்ப்பதுபோல. பிறகு வாசற்படியில் முதலில் அந்த மணம் ஏறும், அதற்குப் பின்னால் அப்பா ஏறுவார். பூ மணம், சந்தன மணம் என்று மற்றவர்கள் எழுதட்டும். என் குழந்தைப் பருவத்துக்கு மருந்துச் சவர்க்கார மணம்.

மனிதர் எதற்கும் அருவருப்புப் பட்டதில்லை. "பீ நல்லது லா. அது யாரையும் ஏமாத்தாது" என்பார், சோற்றில் கை வைத்துக்கொண்டே. அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம், மலாயில் மெர்டேக்கா, வந்த வருஷம் அது. தெருவுக்கு ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு ஒலிபெருக்கி, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. எனக்கு அந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் காது புண்ணாகிவிடும், டிரங்க் கால் கேட்கிறவன்கூட வணக்கத்துக்குப் பதில் மெர்டேக்கா என்று கத்தினான். வீட்டில் அப்பாவுக்கு மூத்திரம் வரவில்லை. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். சொட்டும். நிற்கும். வெளியே வந்து மாமாவிடம் சொல்வார்:

"நாட்டுக்கே மெர்டேக்கா குடுத்துட்டான் வெள்ளைக்காரன். என் மூத்திரத்துக்கு எவன் குடுப்பான், மாப்பிள்ளை?"

"சும்மா இருங்க மச்சான். பிள்ளை நிக்குது."

பிள்ளை நிக்குது. அந்த வருஷம் முழுக்க நான் கேட்ட வாக்கியம் இதுதான். நான் நிற்பதுதான் அவர்களுக்குப் பெரிய நோயாக இருந்தது.

ஒரு நாள் சுத்தமாக அடைத்துக்கொண்டு, அடிவயிறு பூசணிக்காய்போல உப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் உஜோங் பாசிர் பக்கத்து யூரேசியர், போர்த்துக்கீசியக் கலப்பு. நல்ல உயரம், உரத்த குரல், மலாயில் எல்லாரையும் கேலி செய்வார். குழாய் விட்டு மூத்திரத்தை இறக்கினார். திரைக்குப் பின்னால் கையுறையை மாட்டி, விரலை விட்டுப் பார்த்தார். அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்த மாமா வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். வராந்தாச் செடியில் துப்பினார். மறுபடி துப்பினார். "விரலை எங்க விடுறான் பாரு, தூ" என்றார். நோயாளி அப்பா, துப்பியது இவர்.

எலும்புப் படமும் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி கல்லாகிக் கிடக்கிறது, அது புற்று, எலும்புக்குக் குடிபோயிருக்கிறது என்றார். அப்பாவுக்குப் புரியும்படி மலாயில்தான் சொன்னார்.

"அந்தச் சுரப்பிக்குத் தீனி விரையிலிருந்து போகிறது. விரையை எடுத்துவிட்டால் தீனி நிற்கும். கட்டி சுருங்கும். எலும்பு வலி அடங்கும். எல்லாம் குணமாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். நடப்பாய், தூங்குவாய். விட்டுவிட்டால் முதுகெலும்பு நசுங்கிக் கால் போய்விடும்."

மாமா குறுக்கே விழுந்தார். "டாக்டர், பொம்பளைப் பிள்ளை நிக்குது."

"டெலிபோனில் ஊர் ரகசியமெல்லாம் கேட்கிற பிள்ளை. அவளுக்கு இது பெரிசா?"

அப்பா மேலே சுற்றும் விசிறியையே பார்த்தார். ஊர்க்கழிவை அள்ள வைத்த மனிதரின் காதுமடல்கள் சிவந்துபோனதை அன்றுதான் பார்த்தேன். "ஒரு விரலை நம்பி நான் வெட்டிக்க மாட்டேன். படத்துல இருக்கிற வெள்ளையும் எனக்குப் புரியலை. வேற சாட்சி இருக்கா?" என்றார்.

"இருக்கிறது. உன் ரத்தம்."

டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்தச் சுரப்பி ஒரு நொதியைச் செய்கிறது. ஆசிட் பாஸ்பட்டேஸ் என்று பெயர். எல்லா ஆண்களிடமும் உண்டு. விந்து நீரோடு வெளியே போக வேண்டியது; ரத்தத்துக்குள் வருவது கொஞ்சமே கொஞ்சம். சுரப்பியின் அணுக்கள் கட்டுத்தறி அறுத்துப் பெருகி எலும்புக்குப் போய்விட்டால், போன இடத்திலும் பழைய வேலையை மறக்காது. அங்கேயும் உட்கார்ந்து அதே நொதியைச் செய்யும். செய்துகொண்டே இருக்கும். அது ரத்தத்தில் வழியும்.

"அப்ப அதுதான் புற்றை உண்டாக்குதா?" அப்பா கேட்டார்.

"தெரியாது. உண்டாக்குகிறதா, உண்டாக்கியவனுடைய காலடித் தடமா, இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் தடம் இருந்தால் ஆள் இருக்கிறான்."

அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். "சரி. ரத்தம் சொல்லட்டும். ஆமான்னு சொன்னா வெட்டு. இல்லைன்னு சொன்னா என்னை விட்டுடணும். பேச்சு மாறக்கூடாது."

இதுதான் சங்கதி. அப்பாவின் காலும் முதுகும் உறக்கமும் ஒரு குழாய் ரத்தத்தின் வாயில் இருந்தன.

அந்தச் சோதனை அப்போது எங்கள் ஊரில் இல்லை. கோலாலம்பூருக்குப் போக வேண்டும். மாமாவின் லோரி மறுநாள் காலை அங்கேதான் போகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், வழியில் சூடு பட்டால் நொதி செத்துவிடும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரி பிளாஸ்க் உடைந்துகிடந்தது. அத்தையிடம் வாயகன்ற பிளாஸ்க் ஒன்று இருந்தது. மாமாவின் தூரப் பயணத்துக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பது. அத்தைக்கு விஷயம் சொல்லாமல் அதை வாங்கிப் போனேன். நர்ஸ் அதைக் கார்பாலிக் தண்ணீர் விட்டு அலசினாள், தக்கையையும் அதிலேயே ஊறப்போட்டாள். குழாயின் வாயை மெழுகால் அடைத்து, பஞ்சில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் இடித்துப் போட்டு மூடினோம்.

"மாமா, திறக்கவே கூடாது."

"திறக்க எனக்கென்ன பைத்தியமா?"

சாமி படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரம் கண்ணாடியில் ஆட, லோரி போயிற்று.

முடிவு வந்தது. சாதாரணம். மிகுதி ஏதுமில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. அத்தை பாயசம் வைத்தாள். அப்பாவின் படுக்கைப் பக்கம் வரும்போதெல்லாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்ற சொந்தமெல்லாம் முந்தானையை இறக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்த, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் சிட்டி வீட்டம்மா தன் மலாயில் என்ன விசேஷம் என்று கேட்க, அத்தை தெருவுக்கே கேட்கும்படி, "ரத்தம் சுத்தம்!" என்று தமிழிலும் மலாயிலும் கத்தினாள். நோய் போய்விட்டது என்பதில் அவர்களுக்குச் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, அந்த இடத்து நோய் நம் வீட்டில் இல்லை என்பதில் இருந்தது. ஒருவர் வாயிலும் அந்த உறுப்பின் பெயர் வரவில்லை. அங்கே, கீழே, அந்த இடம். பாயசத்தை வழித்து நக்கிக்கொண்டே, "மச்சானுக்கு வெறும் வாயு" என்றார் மாமா.

ரத்தம் மட்டும் சாட்சி இல்லை, ஒருமுறை வந்துபோ என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பா போகவில்லை. "பேச்சு மாறக்கூடாதுன்னு சொன்னேன்ல? அவன் மாறுறான் பாரு."

பிறகு வாயு எலும்பைக் கடிக்க ஆரம்பித்தது. அப்பாவால் உட்கார முடியவில்லை; நின்றால் இடது கால் மடங்கியது. துணியெல்லாம் மூத்திர வாடை. பக்கத்தில் இருந்த மூத்திரப் புட்டியை எடுத்து வெளியே ஊற்ற என்னைத் தவிர யாரும் வரவில்லை. எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். இரண்டு அருவருப்பு உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன்: ஒன்று மூக்கில் வருவது, கை கழுவினால் போகும். மற்றது முகத்தில் வருவது. படுத்துக்கிடக்கிறவன் அதைத்தான் பார்க்கிறான்.

ஒரு மாலை அப்பாவுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வேண்டியிருந்தது. அத்தை அலமாரிமேல் கையைக் காட்டினாள். "அந்தப் பிளாஸ்க்குல ஊத்தி வெச்சுக்கோ. கோலாலம்பூர் போயிட்டு வந்ததுலேருந்து உன் மாமா அதுல கஞ்சி வேணாம்ங்கிறாரு. சும்மாதான் கிடக்குது."

தக்கையைப் பிடுங்கினேன். கார்பாலிக் வாடை வரும் என்று மூக்கு காத்திருந்தது.

இஞ்சி. பால் புளித்து, சீனி பிசுபிசுத்து, நல்ல காரமான இஞ்சி.

"அத்தை, இதுல இஞ்சித் தேத்தண்ணி ஊத்தினீங்களா?"

"நம்ம வீட்டுல ஏது இஞ்சித் தேத்தண்ணி? உன் மாமாதான் சிரம்பான்ல அந்த முஸ்லிம் மாமாக் கடையில வாங்கிக் குடிப்பாரு."

சிரம்பான் போகிற வழியில் இருக்கிறது. அப்பாவின் ரத்தம் இருந்த பிளாஸ்க்கில் சிரம்பான் தேத்தண்ணி எப்படி வந்தது? ரத்தத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கியிருக்கலாம். இருக்கலாம் என்று நினைத்து ஒத்தடம் கொடுத்தேன். ஆனால் மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில், லைன் காலியாக இருந்த நேரம் பார்த்து, கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டேன். சளி பிடித்த குரல் ஒன்று வந்தது. என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறியது. எழுதிவைத்ததைப் பார்க்கவே தேவையில்லாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது.

"மலாக்கா ஆஸ்பத்திரி ரத்தம்தானே? மறக்கவே முடியாதும்மா. கடையில கோப்பி கட்டிக் குடுப்பாங்களே, பால் டின்னுல கயிறு கோத்து? அந்த மாதிரி டின்னுல வந்துச்சு. புது ஐஸ், ஒரு சொட்டுக்கூட உருகலை. பக்கத்துக் கடையில வாங்கிப் போட்ட மாதிரி."

"பிளாஸ்க்கு?"

"பிளாஸ்க்கே இல்லை."

அந்தப் புது ஐஸுக்கு முன்னால் ரத்தம் வழியெல்லாம் சூட்டில் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நொதி ஒரு வேலைக்காரன் மாதிரிம்மா. நாங்க அவனை எண்ண மாட்டோம், அவன் செய்யுற வேலையைத்தான் அளப்போம். ஒரு மருந்தைக் குடுப்போம், அவன் அதை வெட்டுவான், வெட்டினா உள்ளேருந்து பீனால் வரும். அதுக்கு நிறம் ஏத்துவோம். எவ்வளவு நீலமோ அவ்வளவு நொதி. வழியிலயே அவன் செத்துட்டா நீலம் வராது. இல்லாதவனும் செத்தவனும் எங்க கண்ணாடிக்கு ஒண்ணுதான்."

"பீனால்னா?"

"கார்பாலிக். சிவப்புச் சவக்காரத்துல வாசம் வருமே, அதேதான்."

அடுத்த லைனில் யாரோ மெர்டேக்கா என்று கத்தினான். நான் அந்தச் செருகியைப் பிடுங்கினேன். அப்பாவின் வாசனையை வைத்து அப்பாவின் நோயை அளக்கிறார்கள். அந்த வாசனையை யாரோ வழியில் கொன்றுவிட்டார்கள்.

மாமா லோரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து கேட்டேன்.

"மாமா, பால் டின்னு எங்க வாங்கினீங்க?"

முடுக்கும் சத்தம் நின்றது. கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கட்டைவிரல் மடங்கியது.

"யார் சொன்னா?"

"யாரோ. வெளிய வாங்க."

வரவில்லை. அடியில் படுத்தபடியேதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல அவருக்கு அந்த லோரி தேவைப்பட்டது.

காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, சோறு போய்ச் சேரக்கூடாது என்று அந்த நாட்களில் சாலையில் நிறுத்திச் சோதிப்பார்கள். நெகிரி செம்பிலான் எல்லை தாண்டியதும் ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், பிளாஸ்க்கைப் பார்த்து, கஞ்சியா என்று கேட்டுத் திறந்திருக்கிறார். பஞ்சை விலக்கிக் குழாயைப் பார்த்ததும், யார் ரத்தம், என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். போலீஸ்காரர் கையை உதறிக் கால்சட்டையில் துடைத்திருக்கிறார்.

"அவன் துடைச்சான் பாரு, அதுக்கப்புறம் என்னால அதைப் பக்கத்துல வெச்சுக்க முடியலை. மேல சாமி படம் இருக்கு. உன் அத்தை கஞ்சி ஊத்துற பாத்திரம் வேற. அதுல போயி... அந்த இடத்துச் சமாச்சாரம்... குமட்டிச்சு எனக்கு."

"அதனால?"

"ஐஸைக் கொட்டிட்டேன். குழாயைப் பேப்பர்ல சுத்தி சீட்டுக்கு அடியில ஆணிப்பெட்டிக்குள்ள வெச்சேன். சிரம்பான்ல பிளாஸ்க்கைத் தேய்ச்சுக் கழுவினேன். வாடை போகணும்னு சூடா இஞ்சித் தேத்தண்ணி ஊத்தி வாங்கினேன். கோலாலம்பூர் போனதும் ஐஸ் வாங்கிப் போட்டுக் குடுத்தேன்ல? சில்லுன்னுதானே குடுத்தேன்?"

சீட்டுக்கு அடியில் என்றால் எஞ்சினுக்கு மேலே. மந்தின் மலைவளைவில் அந்த லோரி ஏறும்போது சீட்டில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார், அவ்வளவு கொதிக்கும். அங்கே வைத்து வறுத்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் காறித் துப்பலாம். இது சுத்தம். பூஜை அறைக்குள் காலைக் கழுவிக்கொண்டு போகிற சுத்தம்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மாமாவே வந்து சொன்னார். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சொறிந்து, பாதியை விழுங்கி. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன்.

"என் ரத்தம் உனக்கு நாறுதா, மாப்பிள்ளை?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பும்போது வலியில் ஒரு சத்தம் வந்தது. அதை அடக்கப் போர்வையைக் கடித்தார். பிறகு சுவரைப் பார்த்தே சொன்னார்: "இன்னொரு தரம் எடுக்கச் சொல்லு. பேச்சு பேச்சுதான். ரத்தம் சொன்னாத்தான்."

இரண்டாம் முறை நானும் லோரியில் போனேன். அதே பிளாஸ்க். அத்தைக்கு இப்போது எல்லாம் தெரியும். கொடுக்கும்போது முகம் சுளித்தாள், கொடுத்தாள். நான் மடியில் வைத்துக்கொண்டேன். எல்லையில் மறுபடி நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் பிளாஸ்க்குக்குக் கையை நீட்டினார். மாமா சட்டென்று இறங்கி, லோரியைச் சுற்றி வந்து, மலாயில், அந்தச் சாலையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என் மச்சானுடைய ரத்தம் அது. மூத்திரம் வருகிற இடத்தில் அவருக்குப் புற்று. திறந்தால் ஐஸ் போகும், ஐஸ் போனால் அவர் கால் போகும். முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் மூடியோடு முகர்ந்து பார்."

போலீஸ்காரர் கையை இழுத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். மாமா ஏறி உட்கார்ந்தார். அந்த மனிதரை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் அவருடைய கழுத்தில் வழிந்த வியர்வையை அன்று பார்த்தேன்.

முடிவு எக்ஸ்சேஞ்சில் என்னுடைய பலகைக்கே வந்தது. சளிக் குரல் இப்போது தெளிவாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கனெக்ஷன் குடும்மா" என்றார். பிறகு என் குரலை அடையாளம் கண்டு நிறுத்தினார். "நீலம்தாம்மா. நல்லா அடர்த்தியான நீலம். தண்ணி கலந்து கலந்து அளக்க வேண்டியதாப் போச்சு" என்றார். நான் செருகியைச் செருகிக் கொடுத்துவிட்டு, முடியும்வரை காதில் வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் அங்கங்கே படிக்கிறேன். சில புற்றுகளில் ஏதோ ஒரு நொதி அளவுக்கு மீறி உண்டாவதே அணுவை ஓட ஓட விரட்டுகிற சாட்டை என்கிறார்கள்; வெறும் காலடித் தடம் இல்லை, அதுவே ஆளாகவும் இருக்கலாம் என்கிறார்கள். அப்பாவின் நொதி எந்த வகை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. வீட்டு வேலைக்காரன். கொடுத்த வேலையைத்தான் செய்தான், நிறுத்தத் தெரியாமல் செய்தான். அதுதான் என்னை அருவருக்க வைக்கிறது. தேய்த்துத் தேய்த்துத் தோலையும் உரிக்கிற சுத்தம்போல, கத்திக் கத்தி அர்த்தம் தேய்ந்த அந்த வருஷத்துப் பாட்டுபோல. நல்லதுதான், அளவு தெரியாத நல்லது.

அப்பா பேச்சு மாறவில்லை. "சரி, வெட்டட்டும்" என்றார், முடி வெட்டச் சம்மதிப்பதுபோல. அதற்குப் பிறகு சில தீபாவளிகள் பார்த்தார், கிணற்றடிவரை தானே நடந்தார், சவர்க்காரம் தேய்த்தார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு மிஞ்சியிருப்பது அறுவைக்குப் போன காலை.

அப்பாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வயிறு காலி, ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. கீழே சவரம் செய்து, பச்சைத் துணி போர்த்தி, கார்பாலிக் தண்ணீரில் துடைத்திருந்தார்கள். மாமாவைக் காணோம். வரமாட்டார் என்றே நினைத்தேன். கதவு திறக்கிற நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்தார், கையில் அந்தப் பிளாஸ்க்.

"என்ன அது?" அப்பா கேட்டார்.

"கஞ்சி, மச்சான். உங்க தங்கச்சி ஊத்திக் குடுத்துச்சு."

"எனக்கு இப்ப ஆகாது லா."

"உங்களுக்கு இல்லை."

மாமா வராந்தாவில் எல்லார் முன்னாலும் தக்கையைப் பிடுங்கினார். கஞ்சியின் ஆவியோடு அந்த வாடையும் வந்தது. மருந்து, பால், இஞ்சி. மூடியில்கூட ஊற்றவில்லை. பிளாஸ்க்கின் வாயிலேயே வாயை வைத்தார். தொண்டை மேலே ஏறியது, ஒரு முறை ஓங்கரித்தது, நின்றது, விழுங்கினார். கண்ணில் தண்ணீர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

"கழுவினியா?" என்றார் அப்பா.

"இல்லை."

பொய். அத்தை புளி போட்டு, சாம்பல் போட்டு, தக்கையைக் கொதிநீரில் போட்டு எடுத்திருப்பாள். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் உதடு கொஞ்சம் கோணியது. மாமா மறுபடி வாய் வைத்தார்.

வண்டியைத் தள்ளினார்கள். கதவு பாதி மூடிய பிறகு உள்ளேயிருந்து அப்பாவின் குரல்:

"எல்லாத்தையும் குடிச்சிடாதே, மாப்பிள்ளை. எனக்கு மிச்சம் வை."